சிலுவை முத்தம்

இந்நேரம் அவன் பசித்து அழுதிருப்பான். யார் எடுத்திருப்பார்கள்? வண்டிக்குள் குளிருமே. பேரரசனாக இருந்தால் மட்டும் காதுமடல் சில்லிடாதா?

புதிய பேரரசிக்கு விசுவாசமாக இருப்பதாகச் சிலுவையை முத்தமிட்டுச் சத்தியம் செய்ய, அரண்மனைத் தேவாலயத்தில் வேலைக்காரர்களின் வரிசை நகர்ந்தது. பெலகேயாவும் நகர்ந்தாள். அவளுடைய சொந்த மகள் பிறந்த வாரமே இறந்துபோனாள். அவளிடம் சுரந்த பாலுக்காகத்தான் அவளை ஊரிலிருந்து அழைத்துவந்து கைக்குழந்தைப் பேரரசனுக்குச் செவிலித்தாயாக்கினார்கள். அவன் பெயரில் ஆணைகள் போயின. நரைத்த தளபதிகள் தொட்டில்முன் மண்டியிட்டார்கள். அவன் கொட்டாவி விட்டான்.

முந்தாநாள் இரவு காவல்படையினர் ஆட்சியைக் கவிழ்த்துப் புதிய பேரரசியை அழைத்துவந்தார்கள். விடிவதற்குள் குழந்தையை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள்; தொட்டில் காலி.

பின்னால் நின்ற சலவைக்காரி அகுலீனா கிசுகிசுத்தாள். "ஆட்சிக்கு வந்த நாலு பேருக்காக இந்தச் சிலுவைக்கு முத்தங் குடுத்துட்டேன்டி. உதடு என்ன தேஞ்சா போச்சு?"

"மத்தவங்கல்லாம் செத்துப்போனாங்க, அக்கா. இவன் சாகலையே."

"வாயை மூடு. என்னையும் சேத்து இழுத்துட்டுப் போயிடாத."

வரிசையின் முன்னால் ஒவ்வொருவரையும் விசாரித்துக்கொண்டிருந்த அதிகாரி பெலகேயாவை ஏற இறங்கப் பார்த்தார். "செவிலியா? அப்படியொரு பேரரசன் இருந்ததே இல்லைன்னு சொல்லு. அந்தப் பேரை இனிமே வாயில எடுக்கமாட்டேன்னு முத்தங் குடு. குடுத்தா இங்கயே இருக்கலாம். இல்லேன்னா சைபீரியா."

"பேரை நான் எடுத்ததே இல்லீங்கய்யா. குருவின்னுதான் கூப்பிடுவேன்."

யாரோ சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டார். "குருவி பறந்துபோச்சு. அப்புறமென்ன? ம், சீக்கிரம்."

தொட்டில்முன் மண்டியிட்ட அதே தளபதிகள் மெழுகுவர்த்திகளின் அருகே நின்றிருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் குறையவில்லை. ஒரு தலையிலிருந்த கிரீடம் இன்னொரு தலைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். இத்தனை பெரிய அரண்மனையில் ஒரு குழந்தை இல்லாமல் போனது தனக்கு மட்டும்தான் என்று அவளுக்குத் தோன்றியது. இதை யாரிடம் சொல்வது? மகள் போனபோதும் சொல்ல ஆளில்லை.

பாதிரியார் சிலுவையை நீட்டினார். அகுலீனா முதுகில் மெல்லத் தள்ளினாள்.

"பேரரசியம்மா நல்லா இருக்கட்டும், ஐயா," என்றாள் பெலகேயா. "அவன் இருந்ததே இல்லைன்னு மட்டும் என்னால சொல்ல முடியாதுங்க."

வரிசையை விட்டு விலகி, பின்னால் வருபவர்களுக்கு வழிவிட்டு, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.