விடியற்காலை மூன்று பத்துக்குச் சேமித்த பாடம்

கேதீஸ்வரி வந்து நான்கு மாதந்தான். அதற்குள் அவள் பெயரைக் கேட்டாலே பூரணிக்கு வயிறு எரிந்தது.

ஹட்டனில், தோட்டப் பிள்ளைகளுக்குப் பயிற்சிப் புத்தகம் தயாரிக்கும் சிறிய அலுவலகம் அது. இருவரும் பாடங்களை எழுதி, எல்லோருக்கும் பொதுவான சர்வரில் போடுவார்கள். பொறுப்பாளர் பேரின்பநாயகம் ஒருநாள் பூரணியைத் தம் அறைக்குக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

“இஞ்ச பாரும். கேதீஸ்வரி இதைச் சேமிச்சது விடிய மூண்டு பத்துக்கு. அந்தப் பிள்ளை நித்திரையும் கொள்ளுறேல்ல போல. நீர் ஒன்பது மணிக்குத்தானே தொடங்குறீர்?”

வட்டகொடையிலிருந்து ரயிலில் வருகிறவள் பூரணி; ஒன்பதுக்கு முன் வர வழியில்லை. அன்று மத்தியானம் கேதீஸ்வரி நீட்டிய வடையை, “பசிக்கல அக்கா” என்று தள்ளிவிட்டாள். நல்ல பசி.

ஜனவரியில் அது நடந்தது. நாலாம் பாடத்தைப் பூரணி காலை ஒன்பதுக்குச் சர்வரில் போட்டாள். அதிலிருந்த கணக்குப் பிழையைக் கேதீஸ்வரி திருத்தி, பதினொன்றுக்கு வேறு கோப்பாகப் போட்டாள். ஆனால் சர்வரில் பூரணியுடையதே புதியதாகத் தெரிந்தது. பேரின்பநாயகம் அதையே அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

“திருத்தின பிறகு ஏன் பழையதைத் திரும்பப் போட்டீர்?” என்று ஏச்சும் பூரணிக்குத்தான்.

“நான் போடலங்க சேர்.”

அவர் நம்பவில்லை. சர்வர் காட்டும் நேரத்தில்தான் கோளாறோ என்று, பூரணி தன் கணினியிலிருந்து ஒரு வெற்றுக் கோப்பைச் சர்வருக்கு நகலெடுத்துப் பார்த்தாள். நேரம் சரி. பேரின்பநாயகத்தின் கணினியிலும் சரி. கேதீஸ்வரி தேத்தண்ணி குடிக்கப் போன சமயம், அவளது லெப்டொப்பில் அப்படியே செய்தாள். பத்து மணிக்கு உண்டாக்கிய கோப்பு, நாலரை என்று காட்டியது.

பூரணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கேதீஸ்வரி திரும்பி வரும்வரை காத்திருந்து, அவளுக்கும் கேட்கும்படி சொன்னாள்: “அக்கா மூணு மணிக்கெல்லாம் எழும்பி வேல செய்யலங்க சேர். அவங்க லெப்டொப்புல மணி அஞ்சரை மணித்தியாலம் பின்னுக்கு இருக்கு. ஃபைலும் அந்த நேரத்தத்தான் காட்டுது.”

“மூண்டு மணிக்கோ? நான் அப்பிடி ஒருநாளும் செய்யேல்லையே!” கேதீஸ்வரி திகைத்தாள். பிறகு முகம் சிவந்தது. “மணியைப் பின்னுக்கு வச்சது நான்தான், சேர். என்ர மனுசன் லண்டனில நிக்கிறார். அங்க இப்ப என்ன நேரமெண்டு பாக்கத்தான். இப்பிடிப் பிழைக்குமெண்டு தெரியாது.”

பேரின்பநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பூரணி, நான் ஏசினது பிழை. இதைச் சரியாக்கிவிடும்.”

ஜெயித்தாகிவிட்டது. ஆனாலும் பூரணிக்கு நெஞ்சு ஆறவில்லை. நாளெல்லாம் ஒருவனுடைய நேரத்தைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி வேலை செய்திருக்கிறாள். தனக்கு அப்படி யாரும் இல்லை.

லெப்டொப்பின் மணியை இலங்கை நேரத்துக்கு மாற்றினாள். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

“இதுலயே லண்டன் நேரத்துக்கு இன்னொரு கடிகாரமும் வைக்கலாம் அக்கா. அதுக்கு என்ன பேரு போடட்டும்?”

“உமாசுதன்” என்றாள் கேதீஸ்வரி, மெதுவாக.

பூரணி எழுத்துப் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்துவிட்டு, தன் மேசைக்குப் போய் ஐந்தாம் பாடத்தைத் திறந்தாள்.