பகல் சாப்பாட்டுக்கு முன்

மிசிசிப்பியில் எங்கள் ஊர் நீதிமன்றத்தில் படம் பிடிக்க வந்தவர்கள், கறுப்பர்கள் இருபது பேரைக் கூட்டத்துக்காகச் சேர்த்துக்கொண்டார்கள். கூடத்துக்குள்ளேயே இருக்கும் மாடி வரிசையில் உட்கார்ந்திருந்தால் போதும். வெள்ளைக்காரர்கள் கீழே, நாங்கள் மேலே என்ற வழக்கம் ஒழிந்து பத்து வருடம் ஆகியிருந்தது. படத்தில் நடப்பது பழைய கதை என்பதால் மறுபடியும் மேலே ஏறினோம்.

என் பக்கத்தில் ஒசெல்லா. கடைக்குத் தீ வைத்ததாக அவள் கணவன் லூஷியஸுக்குத் தண்டனை கிடைத்தது இதே கூடத்தில்தான். கடை எரிந்தபோது அவன் சர்ச்சில் பாடிக்கொண்டிருந்தான். பாட்டைக் கேட்டவர்கள் எல்லாரும் கறுப்பர்கள். அவர்கள் சாட்சி எடுபடவில்லை. ஒன்பது வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்தான்.

ஜூரிகளாக நடிக்க ஊர் வெள்ளைக்காரர்களையே உட்கார வைத்தார்கள். அதில் ஒருவர் இரும்புக்கடை கிரேடி கோக்கர். ஒசெல்லா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அந்த ஆளு அன்னிக்கு நெசமாவே ஜூரில இருந்தாருடி."

படத்தில் ஒரு கறுப்புப் பையன் மேல் வழக்கு; ஜூரிகள் இரண்டு நாள் தூங்காமல் வாதாடுகிறார்கள். தீர்ப்பைச் சொல்லும்போது கோக்கரின் கண் கலங்க வேண்டும். கலங்கியது. டைரக்டர் கைதட்டினார்.

இடைவேளையில் ஒசெல்லா கீழே இறங்கிப் போய் அவர் எதிரே நின்றாள். நானும் பின்னாலேயே போனேன்.

"மிஸ்டர் கோக்கர், அன்னிக்கு உள்ள போன வேகத்துல வெளிய வந்துட்டீங்களே. அப்படி என்னதான் பேசுனீங்க?"

"பேச என்ன இருக்கு ஒசெல்லா? சாப்பாட்டு நேரம். வீட்டுல கறி வறுத்து வச்சிருந்தா. குத்தவாளிதான்னு எல்லாரும் சட்டுனு கையத் தூக்கிட்டோம்." அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "லூஷியஸ் நல்லா இருக்கானா?"

"இருக்காரு."

அவள் மாடிக்குத் திரும்பவில்லை. கீழே முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். டைரக்டர் ஓடி வந்தார்.

"அம்மா, உங்க எடம் மேல."

"நீங்களும் அதையே சொல்றீங்களா?"

"நான் சொல்லலைங்க, கதை சொல்லுது."

"அப்ப கதைகிட்டயே சொல்லிருங்க, நான் எறங்கிட்டேன்னு."

நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்னும் நாலைந்து பேர் இறங்கி வந்தார்கள். எங்களை வெளியே அனுப்பிவிட்டு, மாடி தெரியாதபடி மீதியை எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் படம் வந்தது. கோக்கரின் கண்ணீரைப் பத்திரிகை பாராட்டியது. நானும் ஒசெல்லாவும் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனோம். லூஷியஸ் கொல்லையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தான்.

"கடைசில அந்தப் பையன என்ன பண்ணுனாங்க?"

"தூக்குல போட்டுட்டாங்க."

"அதான் அவங்களுக்குச் சுலபம்," என்று மீனைத் திருப்பிப் போட்டான். "ஒம்பது வருஷத்த எவன் உக்காந்து பாப்பான்?"