கறுப்பனின் வாரிசு

மகளைப் பார்க்க பர்காஸ் போய்த் திரும்பியபோது, பக்கத்து வீட்டு ஸ்டாமன் என் கதவடியிலேயே நின்றிருந்தான். மீன்களுக்குத் தீனி போடச் சொல்லிச் சாவியை அவனிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன்.

"டோன்கா, கோவப்படாத. தொட்டி மூடிய சரியாப் போடல போல. கறுப்பன் வெளிய குதிச்சுச் செத்துட்டான்."

கறுப்பு வால் கப்பி மீன். வருஷக்கணக்கில் பொறுக்கிப் பொறுக்கி நான் உருவாக்கிய வகை. எங்கள் ஊர் பிளோவ்டிவில் வேறு யாரிடமும் கிடையாது. கோடையில் வந்த நோய்க்குத் தப்பியது இந்த ஒரு ஜோடிதான். அந்தக் கறுப்பு அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். மகன் பிறக்கவில்லையென்றால் அத்தோடு முடிந்தது.

தொட்டிக்குள் ஒரு ஆரஞ்சு வால்காரன் உடம்பை வளைத்து நடுங்கிக்கொண்டு என் பெண்மீனைத் துரத்திக்கொண்டிருந்தான்.

"இது யாரு?"

"பாவம், தனியா கெடக்காளேன்னு கடையில வாங்கியாந்து விட்டேன்."

"அவ உங்கிட்ட கேட்டாளா?"

"நீயுந்தான் தனியா கெடக்க. என் மச்சான் சும்மாத்தான் இருக்கான்னு எத்தன தடவ சொல்லிட்டேன்!"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மாப்பிள்ளையை வலையில் பிடித்து, ஜாடியில் போட்டு, ஸ்டாமன் கையில் திணித்தேன்.

"செத்தவன் எங்க டோன்கா புள்ள குடுக்கப்போறான்?"

"குடுப்பான். ஒரு தடவ சேந்தா அந்த வித்த மாசக்கணக்கா உள்ளயே வெச்சிருப்பா. உன் ஆளோடதும் இருக்கும், கறுப்பனோடதும் இருக்கும். பாப்போம்."

கப்பி முட்டையிடாது, குட்டி போடும். சுருண்டு விழும் குட்டி, நிமிர்ந்ததும் பாசிக்குள் ஓடி ஒளியும். பிந்தியதைப் பெற்றவளே விழுங்கிவிடுவாள். ஒவ்வொரு தடவை அவள் வாய் திறக்கும்போதும், போனது கறுப்பன் மகனோ என்று கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்ப்பேன். போட்டு முடித்ததும் அவளைத் தனித்தொட்டிக்கு மாற்றிவிடுவேன்.

முதல் ஈற்றில் பையன்கள் எல்லாம் ஆரஞ்சு. இரண்டாவதிலும் ஆரஞ்சு.

"என் ஆளு வெளுத்துக்கட்டுறான் பாத்தியா!" என்றான் ஸ்டாமன்.

மீன் வளர்ப்போர் சங்கத்துக்காரர்கள் வேறு வகையில் ஒரு ஜோடி தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். சமையலறையில் உட்கார்ந்து அழவும் செய்தேன். ஆனால் அவள் உயிரோடு இருக்கும்வரை விடுவதாக இல்லை. ஆண் வாடையே படாமல் வைத்திருந்தேன்.

மூன்றாவது ஈற்றில் கொஞ்சம்தான் போட்டாள். அதோடு படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

இனி அந்தக் குட்டிகள்தான். தினமும் தொட்டியே கதி என்று கிடந்தேன். முதலில் நிறம் வந்த பையன் ஆரஞ்சு. அடுத்தவனும் ஆரஞ்சு. ஒரு காலையில் கண்ணாடியில் ஏதோ அழுக்கு. துணியால் துடைத்தேன். அழுக்கு நகர்ந்தது.

வால் முழுக்கக் கறுக்கும்வரை பொறுத்திருந்துதான் ஸ்டாமனைக் கூப்பிட்டேன். பனிட்சா பலகாரத் தட்டோடு வந்தவன், அதைக் கீழே வைக்கவும் மறந்து தொட்டிமுன் குனிந்தான்.

"அவனேதான்" என்றான். "ஜோடிக்கு எங்க போவ?"

"அக்காமாரு இருக்காளுக."

"ச்சீ!"

"மீனுக்கு ஏதுய்யா ச்சீ."

சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். "சரி, அடுத்து பர்காஸ் போறப்ப சாவியக் குடு. இந்தத் தடவ கண்ணும் கருத்துமா பாத்துக்கறேன்."

மூடியை இறுக்கிப் போட்டு, அதன்மேல் ஊறுகாய் ஜாடியையும் தூக்கி வைத்தேன்.

"நான் போகல. என் மக இங்க வருவா."