கால் மாத்திரை

மாத்திரை அட்டையைக் கவருக்குள் போடப் போன ஹெலன், போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். "அண்ணாச்சி, இத நாலா உடைச்சுத்தான சாப்பிடுதீங்க? வீட்டுல யாரும் மாசமா இருக்காங்களா?"

ராஜபாளையம் சாலையில் ஹெலன் வேலை பார்க்கும் அந்த மருந்துக்கடை புதிது. மதுரையிலிருந்து கூரியரில் வரும் மாத்திரை இந்த மாதம் வராததால் இசக்கிராஜா அங்கே போயிருந்தான். மனைவிக்கு நாலாம் மாதம் என்றான். அப்படியானால் உடைத்த மாத்திரையை அவர்கள் தொடவே கூடாது என்றாள் ஹெலன். தூள் தோல் வழியாக உள்ளே போனால், வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையாக இருக்கும்பட்சத்தில், அதன் பிறப்புறுப்பு சரியாக உருவாகாமல் போகலாம். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். மருந்தோடு வரும் தாளிலேயே போட்டிருப்பான் என்றாள். அந்தத் தாளை இசக்கிராஜா ஒருநாளும் விரித்துப் பார்த்ததில்லை.

அவன் வீட்டில் மாத்திரை உடைப்பது ஜெயசித்ராதான். அவன் உடைத்தால் பாதி பொடியாகிவிடும். அவளுக்குத் தையல் பழகிய கை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எவர்சில்வர் தட்டில் ஒவ்வொன்றாக வைத்து, புது பிளேடால் சரியாக நாலாக்கி, டப்பாவில் போட்டு மூடுவாள். விரலில் ஒட்டிய தூளைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். அவளைப் பொறுத்தவரை அது அவனுடைய அல்சர் மாத்திரை.

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பெண் வீட்டார் அவன் உச்சந்தலையைப் பார்த்துவிட்டு, ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவது இடம் வருவதற்குள் மதுரைக்குப் போய் முடி நட்டுக்கொண்டு வந்தான். திருவேங்கடத்தில் அவன் வேலை பார்க்கும் கூட்டுறவு சங்கத்தில் திருச்செந்தூர் மொட்டை என்று சொல்லிச் சமாளித்தான். நட்ட முடி நிற்கும், அதைச் சுற்றியிருக்கும் பழைய முடி கொட்டிக்கொண்டேதான் இருக்கும், அதனால் தினமும் கால் மாத்திரை விடாமல் போட வேண்டும் என்றார் டாக்டர். கல்யாணமான முதல் மாதம் ஜெயசித்ரா அவன் தலைக்குள் விரலை விட்டு அளைந்தபடி, எங்க வீட்டு ஆம்பளைகளுக்கு இவ்வளவு முடி கிடையாது என்று சொன்னாள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

மருந்துக்கடைக்குப் போய் வந்த அன்று சாயங்காலம் சொல்லிவிட்டான். தாளித்துக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். முடியைப் பற்றி அவள் ஒன்றுமே கேட்கவில்லை.

"அல்சர்னு சொன்னீங்கல்லா," என்றாள். "ஒன்றரை வருசமா காரம் போடாமக் கொழம்பு வைக்கேன். நானும் அதத்தான திங்கேன்."

பிறகு குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். அன்றிலிருந்து காரணமே இல்லாத நேரங்களிலும் அந்தக் குழாய் திறக்கும் சத்தம் அவனுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவளைப் பார்க்கும் டாக்டரம்மா திட்டவில்லை. விரலில் பட்டதற்காக மட்டும் ஒரு குழந்தைக்குக் கெடுதல் வந்து நான் பார்த்ததில்லை, ஆனால் வரவே வராது என்றும் சொல்ல மாட்டேன், ஐந்தாம் மாத ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பெண் குழந்தையென்றால் இந்தப் பயமே வேண்டாம். அப்போ என்ன குழந்தை என்று இசக்கிராஜா வாய்விட்டுக் கேட்டுவிட்டான். கேட்பதே குற்றம் என்றார் டாக்டரம்மா. குறை இருந்தால் சொல்வேன், அது மட்டும்தான் சொல்வேன்.

மாத்திரையை நிறுத்திவிட்டான். தலையணையில் முடி கிடந்தது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து அவன் அம்மா பேச்சித்தாய் வந்து, பேரன் பிறந்தால் சுடலைமாடனுக்குக் கிடா நேர்ந்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவளிடம் இருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் கோமதியம்மன் சன்னதியில் நின்று, பெண்ணாகக் கொடு தாயே என்று அவன் மனதுக்குள் கேட்டான். பக்கத்தில் ஜெயசித்ராவின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன.

ஸ்கேன் அறையில் குழந்தை முதுகைக் காட்டிக் காலை மடக்கிக் கிடந்தது. வெளியே போய்க் குளிர்ச்சியாக ஏதாவது குடித்துவிட்டு, அரை மணி நேரம் நடந்து வாருங்கள், திரும்பினால்தான் பார்க்க முடியும் என்று அனுப்பிவிட்டார்கள்.

வெயில் உச்சியில் நின்றது. சர்பத் கடையில் ஜெயசித்ரா பாதி டம்ளர் குடித்துவிட்டு மீதியை அவனிடம் நீட்டினாள்.

"பொம்பளப்புள்ளயா குடுன்னு நானும்தான் கேட்டேன்," என்றாள். "ஒருவேள ஆம்பளயா இருந்துட்டான்னா, அம்மையும் அப்பனும் வேண்டாம்னு கும்பிட்டது அவனுக்குத் தெரியவே கூடாது. சாகுற வரைக்கும்."

அவன் தலையாட்டினான். டம்ளரைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவள் சாலையைக் கடக்கத் தொடங்கியிருந்தாள். நடுச்சாலையில் சட்டென்று நின்றாள். ஒரு கை அடிவயிற்றுக்குப் போனது. வளைவில் திரும்பி வந்த டவுன் பஸ் அவளுக்கு நாலடி தள்ளி நின்று ஹாரன் அடித்தது. அவள் நகரவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. வலிக்கிறதா, பிள்ளை புரள்கிறதா என்று அவள் முகத்திலிருந்து அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுபடியும் ஹாரன். இசக்கிராஜா சாலைக்குள் இறங்கி, பஸ்ஸுக்கும் அவளுக்கும் நடுவே போய் நின்று, டிரைவரைப் பார்த்துக் கையை உயர்த்தினான்.