பத்தாவது கேள்வி

மார்கரெட்டின் போனுக்குள் பதினான்கு கேள்விகள் இருந்தன. பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா, உப்பைக் குறைத்தீர்களா, தினமும் அரை மணி நேரமாவது நடக்கிறீர்களா என்று வரிசையாக வரும். பத்தாவது கேள்வி, காலில் புண் ஏதாவது இருக்கிறதா. அதற்குக் கீழே ‘இருக்கு’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டம். ஒன்றைத் தொட்டால்தான் பதினொன்றாவது கேள்வி திறக்கும்.

வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிற சுகாதார ஊழியர் அவள். மாமல்லபுரத்துக்கு வடக்கே மூன்று கடற்கரைக் குப்பங்கள் அவள் பொறுப்பில் இருந்தன. காலையில் திருப்போரூரில் பஸ் ஏறுவாள். தோளில் ஒரு பை, அதில் பிரஷர் மெஷினும் சர்க்கரை பார்க்கும் மெஷினும் மாத்திரை அட்டைகளும். குப்பத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் சர்க்கரம்மா. தெருமுனையில் அவள் தலை தெரிந்ததும் “சர்க்கரம்மா வந்துகினு கீது” என்று ஒரு குரல் போகும். உடனே நான்கு வீட்டில் கருவாட்டுக் குழம்புச் சட்டிக்கு மூடி விழும். மூடினால் வாசனை போய்விடுமா என்ன? அவளும் தெரியாத மாதிரியே உள்ளே போவாள்.

பத்தாவது கேள்விக்குக் காலைத் திருப்பிப் பார்த்துத்தான் பதில் போட வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். உள்ளங்காலைப் பார், விரல் இடுக்கை விரித்துப் பார், பேனா முனையால் மெல்லக் குத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று கேள். சொல்வது சுலபம். முதல் மாதம் அவள் சடையனின் காலை நோக்கிக் குனிந்தாள். சடையன் அறுபது வயது மீனவர், பத்து வருஷமாகச் சர்க்கரை. மனிதர் நெருப்பை மிதித்தவர் போலக் காலை இழுத்து வலைக் குவியலுக்குள் செருகிக்கொண்டார்.

“இன்னா தங்கச்சி, வூட்டுக்கு வந்த பொம்பள என் கால்ல கை வெக்கிற! எனக்கு இன்னாத்துக்குப் பாவத்தச் சேக்குற?”

“பாக்கணும் அண்ணாத்த, ரூலு அப்டி.”

“புண்ணு கிண்ணு ஒண்ணும் இல்ல. எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டாள். எந்த வீட்டிலும் பெரியவர்கள் காலை நீட்டவில்லை. ஆறே மாதத்தில் அவளும் பழகிவிட்டாள். கேட்பாள், அவர்கள் இல்லை என்பார்கள், விரல் தானாக ‘இல்லை’ மேல் போய் நிற்கும்.

அவளுக்கு இந்த வேலை வெறும் வேலையில்லை. அவள் கல்யாணமாகி வந்தபோது சர்க்கரையால் மாமனாருக்கு ஒரு கால் இல்லை. அடுத்த வருஷம் இன்னொரு காலும் போயிற்று. நெல் அறுத்தே காலம் தள்ளிய மனிதர், பலகைமேல் உட்கார்ந்து கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மலம் அள்ளிய மருமகள் அவள். அவரைப் புதைத்துவிட்டு வந்த அன்றே, இந்த வீட்டில் இனி ஒருத்தருக்கும் கால் போகாது என்று கர்த்தர் முன்னால் சொன்னாள். அப்போது அவள் கணவன் மோசஸுக்கு முப்பத்திரண்டு வயது.

இப்போது நாற்பத்தேழு. நாவலூரில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி. பன்னிரண்டு மணி நேரம் நாற்காலி. அங்கே குடியிருப்பவர்கள் உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள். விடியற்காலையில் நடக்கிறார்கள், சாயங்காலம் ஓடுகிறார்கள், இனிப்பைத் தொடுவதில்லை. அதனால் அவர்கள் வீட்டுக்கு வருகிற லட்டு, மைசூர்பாகு, பாதி வெட்டிய பிறந்தநாள் கேக் எல்லாம் நேராக கேட்டுக்கு வந்துவிடும். “செக்யூரிட்டி, சாப்பிடுங்க” என்பார்கள். நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். அவரும் நல்ல மனதோடுதான் சாப்பிட்டார். எட்டு வருஷத்தில் சர்க்கரை இருநூற்று அறுபதுக்கு வந்து நின்றது.

மார்கரெட் அழுதாள், திட்டினாள், பட்டினி கிடந்தாள். மனிதர் சிரித்தே மழுப்புவார். ஒருநாள் கடைக்குப் போய்விட்டு வந்தவர் ஒற்றைக் காலில்தான் செருப்பு போட்டிருந்தார். இன்னொன்று வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. “இன்னாய்யா, கால்ல செருப்பு கீதா இல்லியான்னு கூடவா தெரியாது?” என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகள் சிநேகாவும் சிரித்தாள். ஒரு வாரம் அந்தப் பேச்சாகவே கிடந்தது. செருப்பு கழல்வது தெரியாவிட்டால் அந்தக் கால் செத்துக்கொண்டிருக்கிறது என்று பயிற்சி வகுப்பில் அவள் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தாள். அந்த நோட்டு அலமாரிமேல் இருந்தது.

மார்ச் மாதத்தில் மோசஸ் திடீரென்று திருந்தினார். சிநேகா பிளஸ் டூ பரீட்சைக்குப் போகும்போது அப்பாவிடம், “நைனா, நான் நர்சிங் முடிக்கிற வரைக்கும் உனக்கு ஒண்ணும் ஆவக்கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனாளாம். பொண்டாட்டியின் எட்டு வருஷத் தொண்டைத்தண்ணி செய்யாததை அது செய்துவிட்டது. கேட்டுக்கு வந்த இனிப்பையெல்லாம் துப்புரவு வேலை செய்யும் பெண்களுக்குக் கொடுத்தார். டீயில் சர்க்கரை வேண்டாம் என்றார். டிபன் பாக்ஸில் கேழ்வரகு ரொட்டி போனது. “நடக்கவும் செய்றேன்ம்மே” என்றார். எங்கே, எப்போது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஏப்ரலில் இருநூற்றுப் பத்து. மே பிறந்தபோது நூற்று ஐம்பத்து நாலு. மெஷினில் அந்த எண்ணைப் பார்த்தபோது மார்கரெட்டுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவரையும் ஒரு பேஷண்டாகப் பதிந்து வைத்திருந்தாள். பதினான்கு கேள்விக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பதில் போட்டாள். பத்தாவது வந்தபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் கேட்கக்கூட இல்லை. ‘இல்லை’ என்று தொட்டுவிட்டுப் பதினொன்றுக்குப் போனாள்.

அதற்கப்புறம் குப்பத்தில் அவள் அலட்டல் தாங்கவில்லை. வீட்டுக்கு வீடு மோசஸ் கதைதான். சடையனிடம் போனைக் காட்டினாள்.

“பாரு அண்ணாத்த, எம்மாங் கொறஞ்சிருக்குன்னு. ஊசி இல்ல, ஒண்ணுமில்ல. வாயக் கட்னாரு, நடந்தாரு. அவரால முடியும்போது உன்னால முடியாதா?”

சடையன் எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “சரி, நடக்கறேன் போ” என்றார். பத்து வருஷத்தில் முதல்முறையாக.

மே கடைசியில் சர்க்கரை மறுபடி ஏறியது. முன்னூற்று இருபது. மார்கரெட்டுக்குத் தலைக்குமேல் கோபம் வந்தது.

“லட்டு துன்னியா?”

“கர்த்தர் மேல சத்தியமா இல்லம்மே.”

“பொய் சொல்லாத. மெஷின் பொய் சொல்லாது. எனக்குன்னு வந்து வாச்சியே!”

மெஷின் பொய் சொல்லவில்லைதான். அவரும் சொல்லவில்லை. உடம்புக்குள் சீழ் வைத்தால் சர்க்கரை ஏறும் என்பதும் அந்த நோட்டில் இருந்தது. இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தாள். வீட்டில் ஏதோ செத்த வாடை அடித்தது. கம்பெனி கொடுத்த ரெக்சின் பூட்ஸ், வெயில் காலம், சாக்ஸ் நாற்றம் என்று நினைத்து பூட்ஸைத் தூக்கி வெளியே வைத்தாள். மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்டது. போர்வையை விலக்கினால் வாடை அதற்குள் இருந்தது. வலது காலில் மட்டும் சாக்ஸ் போட்டபடியே படுத்திருந்தார். உரித்தாள். சாக்ஸோடு தோலும் வந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் போகும் வழியில்தான் அவர் நடந்த கதை வெளியே வந்தது. குடியிருப்பின் பூங்காவில் கூழாங்கல் பதித்து எட்டு வடிவத்தில் ஒரு நடைபாதை போட்டிருக்கிறார்கள். சர்க்கரைக்கு ரொம்ப நல்லது என்று எல்லாரும் சொல்வது. காலையும் மாலையும் வீட்டுக்காரர்கள் நடப்பார்கள், அப்போது வேலைக்காரர்களுக்கு அனுமதி இல்லை. யாரும் இல்லாத நேரத்தில் நடந்துகொள் என்று சங்கத்துச் செக்ரெட்டரி பெரிய மனது வைத்துச் சொல்லியிருக்கிறார். யாரும் இல்லாத நேரம் மதியம் ஒரு மணி. செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கவும் என்று அங்கே பலகை. மோசஸ் எதிலும் சட்டம் பார்க்கிற ஆள். கத்திரி வெயிலில், கொதிக்கிற கல்லில், சாப்பாட்டு நேரத்தில் பாதியை எடுத்து ஒருநாள் விடாமல் வெறுங்காலோடு நடந்திருக்கிறார்.

“கொப்புளம் வந்துச்சுல்ல, அப்பவாவது சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா?”

“வலிக்கலம்மே. வலிச்சா சொல்லியிருப்பேன். நீ பாத்தா நடக்காதன்னு சொல்லுவ. அதான் துணியச் சுத்திகினேன்.”

அவள் அவர் வாயைப் பொத்தினாள். மேலே கேட்க அவளுக்குத் திராணி இல்லை.

முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். நான்கு நாள் கழித்து பாதத்தை எடுக்க வேண்டும் என்றார்கள். அதுவும் போதவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்தபிறகுதான் காய்ச்சல் விட்டது. டாக்டர் கெட்டவர் இல்லை. ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே, “மூணு மாசச் சராசரி முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலை. நல்லாத்தான் கண்ட்ரோல் பண்ணியிருக்கார்” என்றார். மோசஸ் அதைக் கேட்டுவிட்டு மார்கரெட்டைப் பார்த்தார். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி அந்த முகத்தில் ஒரு பெருமை வந்தது. அவளுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. எழுந்து வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் அப்பா உட்கார்ந்த இடத்திலேயே அவரை உட்கார வைக்க வேண்டியதாயிற்று. கட்டில் போட அந்த வீட்டில் வேறு இடம் கிடையாது. நர்சிங் விண்ணப்பத்தை எடுத்து வைத்துவிட்டு, சிநேகா நாவலூரில் ஒரு துணிக்கடைக்குப் போக ஆரம்பித்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

ஏழு வாரம் கழித்து மார்கரெட் பையைத் தூக்கிக்கொண்டு குப்பத்துக்குப் போனாள். போகாமல் முடியுமா? சடையன் தன் வீட்டு நிழலில் வலை பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

“வா தங்கச்சி, எங்க ஆளயே காணோம்? நீ சொன்ன மாதிரியே தெனம் நடக்கறேன். போட்டு கரைக்கு வந்ததும் மீனை எறக்கிட்டு, அப்டியே மணல்ல கோயில் வரிக்கும் போயி வரேன். பன்னண்டு மணி வெயிலு மண்டயப் பொளக்குது, வுடல. உன் வூட்டுக்காரரு எப்டி கீறாரு? இன்னும் நடக்குறாரா?”

மார்கரெட் பையைக் கீழே வைத்தாள். போனை எடுக்கவில்லை. மணலில் அவர் எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்து, அவருடைய வலது காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏ, வுடு தங்கச்சி! பாவம்!”

“பாவம் எனக்கு வரட்டும் அண்ணாத்த. ஏற்கெனவே நெறைய கீது.”

அவள் குரலைக் கேட்டு மனிதர் அடங்கிவிட்டார். கூச்சத்தில் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். உள்ளங்கால் பழைய டயர் போலக் கறுத்துக் காய்த்திருந்தது. குதிகாலில் கிளிஞ்சல் துண்டு ஒன்று முழுசாகப் புதைந்து, சுற்றிலும் வெளுத்திருந்தது. எத்தனை நாளாக அதன்மேல் நடக்கிறாரோ. மார்கரெட் ஜாக்கெட்டிலிருந்து பால்பாயின்ட் பேனாவை எடுத்தாள்.

“இப்ப குத்துவேன். குத்துனா சொல்லு, இன்னா?”

“சரி, குத்து.”

கட்டைவிரலில் குத்தினாள். பக்கத்து விரலில் குத்தினாள். பாதத்தின் நடுவில், பிறகு குதிகாலில், நீல மை பதியப் பதிய அழுத்திக் குத்தினாள். சடையன் பேசாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பாமலே கேட்டார்.

“இன்னா தங்கச்சி, கால மடியில வெச்சிகினு சும்மா ஒக்காந்துகினு கீற? எப்பத்தான் குத்தப் போற?”