இடைவெளிக்கு ஒரு அடையாளம்

பத்து மணிக்குக் கணித அருங்காட்சியகத்தின் முதல் கூடம் திறக்க வேண்டும். ஒன்பதுக்கு, சுவரின் முன்னால் அண்ணி இடுப்பில் கைவைத்து நின்றாள். விளக்கக் குறிப்புகள் எழுதுவது அவள் வேலை. சுவரில் தீட்டியது அவள் கொழுந்தன். இந்தக் கூடம் பிழையில்லாமல் முடிந்தால் மற்ற மூன்றும் அவனுக்கு, இல்லாவிட்டால் ஸ்டிக்கர் ஒட்டுபவர்களுக்கு என்று மேலாளர் முன்பே சொல்லியிருந்தார்.

பாபிலோனியர்கள் களிமண்ணில் ஆப்பு ஆப்பாகப் பதித்து எண்ணை எழுதினார்கள். வலது ஓரத்து ஆப்பின் மதிப்பு ஒன்று. அதற்கு இடப்பக்கம் இருந்தால் அறுபது. இன்னும் ஓர் இடம் தள்ளி இருந்தால் மூவாயிரத்து அறுநூறு. நடு இடம் காலியென்றால் அங்கே வெறுமனே இடைவெளி விடுவார்கள். சுவரில் தீட்டிய எண்ணில் அந்த இடைவெளியைத்தான் கொழுந்தன் சுருக்கிவிட்டான். வரிசை பல்லு போன வாய் மாதிரி இருந்ததாம், சீராக்கினானாம்.

"மூவாயிரத்து அறுநூத்தியொண்ணு அறுபத்தியொண்ணா ஆயிடுச்சு. எனக்கே ஆப்பு வெச்சிட்டீங்களே தம்பி" என்றாள்.

"நீங்க கொடுத்த தாள்ல இடைவெளி விடணும்னு எழுதலையே அண்ணி."

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். எழுதவில்லைதான். சுரண்டினால் புதுப்பூச்சு கையோடு வந்துவிடும். அவன் தூரிகையைப் பையில் போடத் தொடங்கினான்.

அண்ணி நெற்றியைத் தட்டிக்கொண்டாள். பாபிலோனியர்களுக்கும் இந்தக் குழப்பம் வராமலா இருந்திருக்கும்? பிற்காலத்தில் காலி இடத்தில் இரண்டு சின்னச் சாய்வு ஆப்புகளைப் பதித்தார்களே! சுவரில் இருந்த இரண்டு ஆப்புக்கும் நடுவே அவன் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தான். தாராளமாக இடம் இருந்தது.

அவன் தீட்டி முடிப்பதற்குள், அந்த அடையாளம் வந்த காலத்துக்கு ஏற்ப அவள் குறிப்பில் 'நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்' என்பதை அடித்து 'இரண்டாயிரத்து முந்நூறு' என்று திருத்தி ஒட்டினாள்.

மேலாளர் வந்தார். அடுத்த சுவர்களில் பூஜ்ஜியத்தைக் குறித்த மத்திய அமெரிக்க மாயர்களின் சிப்பியையும், இந்தியர்களின் புள்ளியையும், அரேபியர் மேற்கே கொண்டுபோன வட்டத்தையும் பார்த்துவிட்டு முதல் சுவருக்கே திரும்பினார். நடுவில் இது என்ன என்று கேட்டார்.

"காலி இடம்னு காட்டுற அடையாளம் சார்" என்றான் கொழுந்தன். அண்ணியை ஓரக்கண்ணால் பார்த்தான். "எல்லாத்தையும் நெருக்கி அழகு பண்ற ஆளுங்க எல்லா ஊர்லயும் இருந்திருப்பாங்கல்ல. அவங்களுக்காக."

மேலாளர் சிரித்து, இரண்டாம் கூடத்துச் சாவியை நீட்டினார். அதை வாங்கியவள் அண்ணி. இடைவெளி எங்கெங்கே என்று முதலில் தாளில் எழுதித் தருவாளாம், அப்புறம்தான் அவனுக்குச் சாவியாம்.