இரண்டாவது மோட்டார்

அந்த வைப்பர் மோட்டார் எங்கிருந்து வந்தது என்று சோலையம்மாள் சொல்லவே இல்லை. பழைய துணியில் சுற்றிக் கொண்டுவந்து அறிவியல் கூடத்து மேசையில் வைத்தாள்.

"இப்ப ரெண்டாச்சு. சோலிய ஆரம்பிப்போம்."

அடைக்கலமேரிக்குச் சுருக்கென்றது. அன்று காலைதான் பள்ளி ஜீப்பைப் பார்த்திருந்தாள். கண்ணாடியின் இடப்பக்கத்தில் வைப்பர் மோட்டார் இருந்த இடம் ஓட்டையாகக் கிடந்தது.

1985ஆம் வருஷம். மதுரையில் மாணவர்களுக்கு ரோபோ போட்டி. இரண்டு கிலோ மணல் பையைச் சுமந்து சரிவில் ஏறி, உச்சியில் திரும்பி, இறங்கி வரவேண்டும். கொடைக்கானல் மிஷன் பள்ளியில் பிளஸ் டூ படித்த இவர்கள் இருவரும் பெயர் கொடுத்திருந்தார்கள். சக்கரத்தை எப்படி ஓட்டுவது என்பதில்தான் ஒரு வாரம் சண்டை. ஒரே மோட்டார், பின் அச்சுக்கு சைக்கிள் செயின், திருப்ப முன்னால் ஒரு சக்கரம் என்றாள் மேரி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மோட்டார் வைத்தால் நின்ற இடத்திலேயே திரும்பிவிடலாமே என்றாள் சோலை. கடைசியில் அவள் சொன்னதே நின்றது. முதல் மோட்டாரை மேரியின் அண்ணன் வத்தலக்குண்டில் ஒரு பழைய காரிலிருந்து கழற்றிக் கொடுத்தான்.

"இது எங்கேருந்துடி?"

"கெடச்சுது. கேக்காத."

பலகையில் இரண்டையும் பொருத்தி, செயின் மாட்டி, பேட்டரியை இணைத்தார்கள். வண்டி நேரே போகாமல் இடப்பக்கமாகவே வட்டமடித்தது. சோலை கொண்டுவந்த மோட்டார் பாதி வேகம்தான் சுற்றியது. அந்த நேரம் பார்த்து ஜீப் டிரைவர் ஞானமுத்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார். சோலை சட்டென்று துணியை எடுத்து வண்டியை மூடினாள். பிறகு அறிவியல் நடத்தும் உபகாரம் டீச்சர் வந்து மோட்டாரைப் பற்றி விசாரித்தபோது, "ரெண்டும் வத்தலக்குண்டுதான் டீச்சர்" என்று கண் இமைக்காமல் சொன்னாள். மேரி குனிந்து செயினைச் சரிசெய்தாள். மூன்று நாள் அவள் சோலையின் முகத்தைவிட நகக்கண்ணில் இருந்த கிரீஸைத்தான் அதிகம் பார்த்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் சோலை சாப்பிடப் போன சமயம், மேரி அந்த மோட்டாரைக் கழற்றி மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாள். அழுக்குக்குள்ளிருந்து ஒரு தகடு தெரிந்தது. 24 வோல்ட். ஜீப்புக்குப் பன்னிரண்டுதான். அதனால்தான் பாதி வேகம். அப்பாடா என்றிருந்தது. மறுநொடியே அடுத்த சந்தேகம் வந்தது. இருபத்துநாலு என்றால் லாரி.

சோலை உள்ளே வந்ததும் கேட்டாள். "யாரு லாரிடி இது?"

சோலை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "சித்தப்பாவோடது. கிளட்ச் வேலைக்குப் பட்டறைல நின்னுச்சு."

"எப்ப கெளம்புது?"

"இன்னைக்குச் சாயங்காலம். கேரட் ஏத்திட்டு ஒட்டன்சத்திரம்."

வெளியே தகரக் கூரையில் மழை இரைந்தது.

"வைப்பர் இல்லாட்டி பொகையிலையக் கண்ணாடில தேச்சுக்குவாரு, தண்ணி நிக்காது," என்றாள் சோலை. குரல் இறங்கிவிட்டது. பிறகு நிமிர்ந்து, "நான் ஜீப்புலருந்து எடுத்தேன்னுதான நீ நெனச்ச?"

"ஆமா."

சோலை மோட்டாரைத் துணியில் சுற்றினாள். ஒரே குடையில் பட்டறைக்கு ஓடினார்கள். சித்தப்பா நல்லசாமி வைப்பர் ஏன் ஓடவில்லை என்று பேனட்டுக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். மோட்டாரைப் பார்த்ததும் பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"அத்தன கொண்டை ஊசி வளைவுல கண்ணு தெரியாம போய்ச் சாகவா?"

"தப்புத்தாங்க சித்தப்பா." சோலை அழுதாள். மேரி பக்கத்திலேயே நின்று பாதித் திட்டை வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஞானமுத்து, ரிப்பேருக்குக் கொடுத்திருந்த மோட்டாரை ஜீப்பில் மாட்டிக்கொண்டிருந்தார். மேரி தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனாள்.

மிச்சமிருந்த ஒன்பது நாளில் ஒற்றை மோட்டாரோடு வண்டியைத் திரும்பக் கட்டினார்கள். சோலை ஒரு போல்ட்டைக் கொண்டுவந்தாலும், "இது சைக்கிள் கடைல கேட்டு வாங்குனது" என்று மேசையில் டக்கென்று வைப்பாள். கேலியா கோபமா என்று மேரிக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

மதுரையில் வண்டி மணலைச் சுமந்துகொண்டு சரிவில் நூல் பிடித்தாற்போல் ஏறியது. உச்சியில் அகலமாகத் திரும்பியபோது முன்சக்கரம் விளிம்பைத் தாண்டிவிட்டது. மூன்றாம் பரிசு.

"ரெண்டு மோட்டார் இருந்திருந்தா நின்ன எடத்துலயே திரும்பியிருக்கும்," என்றாள் மேரி.

"திரும்பியிருக்கும்," என்றாள் சோலை. மணல் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.